அப்பாயி வராத விருந்து

ரங்கூனிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 49. கணவர் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், வயது 23. இரண்டு வருஷம் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய் நான்காம் நிலைத் தேர்வில் தேறி, முதியோர் பராமரிப்புக்கான தேர்வுகளிலும் தேறிவிட்டாள். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒப்பந்தத் தாள் கைக்கு வந்துவிட்டது. ஐப்பசியில் புறப்பாடு. அந்தக் குடும்பத்தில் சம்பளத்துக்குக் கடல் தாண்டும் முதல் ஆள் அவள்தான். ஆவணியில் மாமியாருக்கு 88 வயது நிறைகிறது.

88 வயதை ஜப்பானில் 'பெய்ஜு' என்று விசேஷமாகக் கொண்டாடுவார்கள் என்று மகள் வகுப்பில் படித்திருக்கிறாள். எட்டு, பத்து, எட்டு என்ற மூன்று எழுத்துகளை ஒன்றாக அடுக்கினால் அங்கே அரிசியைக் குறிக்கும் எழுத்து வருமாம். அதனால் அது அரிசி வயது. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில், அப்பாயியின் பிறந்தநாளுக்கும் தன் வேலைக்கும் சேர்த்து ஒரு ஜப்பான் ஹோட்டலில் எல்லோருக்கும் விருந்து வைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறாள்.

அப்பாயி தட்டைத் தள்ளிவிட்டார். "எங்கப்பன் எலும்பை முறிச்சவன் வீட்டுச் சோறா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர், மறுநாள் முழுக்கத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் தன் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு நோட்டுக் கட்டை எடுத்துப் பேத்தியின் மடியில் போட்டாராம். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் இங்கே புழக்கத்தில் விட்ட ரூபாய் நோட்டுகள். "எங்கப்பனைக் கூட்டிட்டுப் போறப்ப வீட்டுல குடுத்த பணம். இதைக் குடுத்து அங்க சாப்பிடு."

1943இல், தெற்கு பர்மாவில் முடோன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பட்டாளம் போட்ட தன்பியுசயாத் ரயில் பாதை வேலைக்குப் போனவர் அந்த அப்பா. ஊர்த் தலைவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இருந்ததாம். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய மனைவி, அதாவது அப்பாயியின் அம்மா, 1970களில் தான் சாகும்வரை பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை.

இப்போது வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுகிறார்கள். "சீனா ஹோட்டல்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம், அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது" என்கிறார் கணவர். இந்தப் பெண் அந்த நாட்டுக்குப் போனால் செத்தவர் சாபம் சும்மா விடாது என்கிறார் நாத்தனார். "நான் போகவே இல்லை" என்று அழுகிறாள் மகள். கடிதம் எழுதிய சகோதரிக்கோ, மாமியாருக்குப் புத்தி பிசகுகிறதோ என்ற பயம். 'எண்பது வருஷக் கதை, இன்னுமா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

எண்பது வருஷம் ஆனால் ஆறிவிடும் என்று நாம் நினைப்பது, ஆறுவதற்கு வழி இருந்த துக்கங்களைப் பார்த்துப் பழகியதால். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் உடலைப் பார்க்கிறோம், அழுகிறோம், தூக்கிக்கொண்டு போகிறோம், காரியம் செய்கிறோம், வருஷா வருஷம் திதி கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் மனதுக்கு 'போய்விட்டார்' என்று சொல்லும் வேலை. உங்கள் மாமியாருக்கு இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. போனவர் போன இடத்திலேயே நிற்கிறார். உங்கள் மாமியாரின் அம்மா பொட்டை எடுக்காமல் இருந்தார் என்று ஒரே வரியில் எழுதி நகர்ந்துவிட்டீர்கள். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். தினமும் காலையில் அந்தப் பொட்டைப் பார்த்து வளர்ந்த பெண் குழந்தை 'அப்பா செத்துவிட்டார்' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியுமா? சொன்னால் அம்மாவின் தாலியைத் தானே அறுத்த மாதிரி ஆகிவிடாதா?

வயதாக ஆக நேற்று நடந்தது மங்கி, சின்ன வயதில் நடந்தது பளிச்சென்று முன்னே வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இன்னொன்றும் இருக்கிறது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பட்டியலில் பெயர் வந்திருக்கிறது என்ற பேச்சு 2024 பிப்ரவரியிலிருந்து இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை; ஆனால் மாமியார் இரவில் எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பது 'ஒன்றரை, இரண்டு வருஷமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியல், பெயர், கூட்டிக்கொண்டு போவது என்ற சொற்களை ஆறு வயதில் கேட்டவர் அவர். அதே சொற்கள் மறுபடி காதில் விழுகிற நேரத்தில், பேத்தி ஜப்பானுக்குப் போகிறாள் என்ற செய்தியும் வருகிறது. ஹோட்டல் பேச்சு அதன்மேல் விழுந்த கடைசிச் சுள்ளி.

ஆக, இது புத்திப் பிசகு இல்லை. துணியில் சுற்றிய நோட்டை, பெட்டியில் வைத்த இடம் மறக்காமல் எடுத்து, சுருக்கென்று ஒரு வாக்கியமும் சொல்லத் தெரிந்தவருக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. 88 வயதில் கோபத்துக்குக் கூடச் சாப்பாட்டை விடக்கூடாது. இனி ஒரு நாளுக்கு மேல் சாப்பாடு இறங்காவிட்டாலும், தண்ணீர் குடிப்பது குறைந்தாலும், சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலும், உங்களைப் பார்த்து வேறு யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏமாற்றிக் கூட்டிப் போவது

இதைச் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவையும் மகளையும் ஒரே மேசையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஆனால் வாசலில் தொங்கும் துணித் திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும், நிற்கிற பிள்ளைகள் ஒரே குரலில் ஜப்பான் மொழியில் வரவேற்புச் சொல்வார்கள். நம் ஊர்ப் பையன்கள்தான், பழக்கிவிட்டிருப்பார்கள். ஜப்பான் பட்டாளம் இருந்த ஊரில் வளர்ந்த காதுக்கு அந்த மொழியின் ஓசை தெரியாதா? அங்கேயே அவர் எழுந்து நின்றுவிட்டால், உங்கள் மகளுக்குத் தன் முதல் விருந்து என்றென்றைக்கும் அந்தக் காட்சியாகவே இருக்கும்.

அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போனாலும் என் பதில் மாறாது. அவருடைய அப்பாவிடமும் ஒன்றைச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கூலி, அரிசி, துணி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றெல்லாம் ஆசை காட்டித்தான் அந்த வேலைக்கு ஆள் சேர்த்தார்கள். ஊருக்கு இத்தனை பேர் என்று தலைவர்களுக்குக் கணக்கு வைத்தார்கள். பர்மியர்கள் அதை 'வேர்வைப் படை' என்று சொல்வார்கள். இடம் மாற்றிச் சொல்லி அழைத்துப் போவதை, சின்ன அளவில்கூட, இந்த ஒருவரிடம் செய்யாமல் இருக்கலாமே.

சாபம் என்று சொல்பவர்களுக்கு

நாத்தனாரோடு வாதாடாதீர்கள். அவருக்கும் போனவர் தாத்தாதான்; பயத்தை வேறு விதமாகச் சொல்லத் தெரியாமல் சாபம் என்கிறார். ஆனால் மகளின் காதில் அந்தச் சொல் மறுபடி விழக்கூடாது. அதை உங்கள் கணவர்தான், அண்ணன் என்ற முறையில், தங்கையிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு என் வீட்டுக் கதை ஒன்று. என் தாத்தாவின் தம்பி இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1944 ஜனவரியில் நேதாஜி தன் தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு இருபது வயது. ஜப்பான்காரன் கொடுத்த துப்பாக்கியை எப்படிப் பிடித்தார் என்று மூங்கில் குச்சியால் காட்டிக் காட்டியே எங்களை வளர்த்தார். அதே சமயம் என் பாட்டியின் வழியில் இரண்டு பேர் ரயில் பாதைக்குப் போய்க் காணாமல் போனவர்கள். தீபாவளிக்கு எல்லோரும் ஒரே திண்ணையில் உட்காருவார்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள். பர்மாத் தமிழர் குடும்பங்களில் இது அதிசயமே இல்லை. சிப்பாயாகப் போனவன் பார்த்த ஜப்பான் ஒன்று, மண் வெட்டப் போனவன் பார்த்தது வேறொன்று. இதில் எது துரோகம், எது விசுவாசம் என்று 23 வயதுப் பெண்ணின் தலையில் வைத்துத் தீர்ப்புக் கேட்பது நியாயமில்லை.

மகளிடம் என்ன சொல்வது

உங்கள் மகள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். "அந்தப் பாதைன்னா என்னன்னே எனக்குத் தெரியாது, வகுப்பில் சொல்லவே இல்லை" என்று அவள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சொல்லுங்கள். தாய்லாந்தின் நோங் பிளாதுக்கிலிருந்து நம் பக்கத்துத் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலையைக் கையால் வெட்டிய வேலை அது. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கிறது, ஏனென்றால் பட்டாளத்துக்குப் பதிவேடு உண்டு. கூலிகளுக்குப் பதிவேடு இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் தமிழர்கள், பர்மியர்கள், மோன்காரர்கள், ஜாவாக்காரர்கள் எல்லோரையும் சேர்த்தால் செத்தவர்கள் கைதிகளைப் போலப் பல மடங்கு. காலரா முகாமுக்குள் புகுந்தால் முதலில் போனது மருந்தோ மருத்துவரோ இல்லாத கூலி வரிசைகள்தான். தன்பியுசயாத்தில் புல் வெட்டி, பூச்செடி வைத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் கல்லறைகளைப் பராமரிக்கிறார்கள். உங்கள் மாமியாரின் அப்பா பெயர் அதில் இருக்காது.

இதைச் சொன்னால் அவள் போக மாட்டாளோ என்று பயப்படாதீர்கள். தெரியாமல் போவதுதான் ஆபத்து. அவள் அங்கே குளிப்பாட்டப் போகிறவர்களும், சோறு ஊட்டப் போகிறவர்களும் 85, 90 வயதுக்காரர்கள். உங்கள் மாமியாருக்கு ஆறு வயதாக இருந்தபோது அவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. குண்டு விழுந்த ஊர்களில் ஓடியவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். இரவில் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள். அந்தக் கையை எப்படிப் பிடிப்பது என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தப் பத்தியை மாமியாரிடம் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். 'அவங்களும் பாவந்தானே' என்பதை அப்பாவைப் பறிகொடுத்தவரிடம் நாம் போய்ச் சொல்லக் கூடாது.

ஒப்பந்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது என் துறை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் போவது 2019 ஏப்ரலில் வந்த திறன் தொழிலாளர் விசாவில் என்றால், முதல் நிலையில் பொதுவாக மொத்தம் ஐந்து வருஷம்தான், குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும். இடம் சரியில்லையென்றால் அதே துறைக்குள் வேறு இல்லத்துக்கு மாறலாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. 'இடையில் விட்டால் அபராதம்' என்று எந்தத் தாளிலாவது இருந்தால் கையெழுத்துப் போடும் முன் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இவை எல்லாவற்றையும் மாமியாருக்கும் சொல்லுங்கள். "பிடிச்சுட்டுப் போகல அத்தை, இவளா போறா, வேண்டாம்னா இவளே திரும்பி வரலாம்" என்ற ஒரு வார்த்தை அவருக்கு யாரும் இதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டு விருந்து

எல்லோரும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் விசேஷம் என்று எங்கிருந்தோ மனதில் ஏறிவிட்டது உங்களுக்கு. பிரித்துவிடுங்கள்.

ஆவணியில் பிறந்தநாள் வீட்டில் நடக்கட்டும். மாமியாருக்கு என்ன பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வாழைத்தண்டு போட்ட மொஹிங்கா (பர்மாவின் மீன் குழம்பு நூடுல்ஸ்), பருப்பு வடை, கவுனி அரிசிப் பாயசம். அதையே வையுங்கள். 'அரிசி வயது' என்று மகள் படித்தது நல்ல சேதிதான். ஆனால் அந்தப் பெயரை அன்றைக்குச் சொல்ல வேண்டாம். இலையில் கவுனி விழுந்தால் அரிசி வந்துவிட்டது, போதும்.

மகளின் விருந்து புரட்டாசியில், அவள் ஆசைப்பட்ட ஹோட்டலிலேயே நடக்கட்டும். நீங்களும் கணவரும் அவளோடு கட்டாயம் போக வேண்டும். "அம்மா வராத இடத்துக்கு நான் எப்படிப் போவேன்" என்கிறாராம் உங்கள் கணவர். அவர் வராவிட்டால் மகளுக்கு அது தண்டனை. மாமியாரிடம் முந்தைய நாளே நேராகச் சொல்லிவிடுங்கள்: நாளைக்கு நாங்க மூணு பேரும் அங்க போறோம், உங்களை வரச் சொல்லல, உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும், ஏழு மணிக்குள்ள வந்துடுவோம். அனுமதி கேட்காதீர்கள். கேட்டால், கொடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர்தான் தவிப்பார். திரும்பும்போது அங்கிருந்து பொட்டலம் எதுவும் வாங்கி வராதீர்கள்.

போகிற இடத்தைப் பற்றியும் கொஞ்சம், முதல் தடவை என்பதால். உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. அங்கே பட்டியலில் அதுவும் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் புரட்டாசி விரதம் என்றால் கவனம் வேண்டும். காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அடியில் இருப்பது உலர்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுத்த சாறு, டோஃபு மேல் ஊற்றுவதிலும் அது இருக்கும். காய்கறி டெம்புரா, வெள்ளரிக்காய் வைத்த சுஷி, வெறும் சோறு என்று கேட்டு வாங்குங்கள். டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ள உப்பு கேளுங்கள். கணவருக்கு ரத்த அழுத்தம் என்கிறீர்கள், சோயாவில் முக்காமல் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். பாய் விரித்த அறை அழகாக இருக்கும், உங்கள் முழங்காலுக்கு நாற்காலிதான் சரி.

குச்சியைச் சோற்றில் நட்டமாகக் குத்தி வைக்கக் கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குச் சாப்பாட்டை மாற்றக் கூடாது என்று மகள் வகுப்பில் படித்திருப்பாள். இரண்டாவதற்குக் காரணம் என்ன தெரியுமா? அங்கே எரித்தபின் எலும்பை அப்படித்தான் இரண்டு பேர் சேர்ந்து குச்சியால் எடுத்துக் கலசத்தில் போடுகிறார்கள். நாமும் மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குகிறவர்கள்தான். உங்கள் மாமியாருக்குப் பொறுக்க எதுவும் கிடைக்கவில்லை. அவர் வாயில் முதலில் வந்த சொல்லும் 'எலும்பு'தான், கவனித்தீர்களா?

அதனால் ஒன்று கேட்கிறேன். இறந்த நாள் தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது நம் வழக்கம். மகள் வயிற்றுப் பேரன் தாய்வழிப் பாட்டனுக்கு இறைக்கலாம், அதாவது உங்கள் கணவர். இத்தனை வருஷம் செய்யாமல் இருந்ததற்கு அந்தப் பொட்டு காரணமாக இருக்கலாம். அந்த அம்மா போயும் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நீங்களாக ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடாதீர்கள். "தாத்தாவுக்குத் தண்ணி இறைக்கட்டுமாம்மா?" என்று மகன் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கேட்கட்டும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். சரி என்றால், மோல்மேன் போய் சல்வீன் கரையில் செய்வது மனதுக்கு நிறைவாக இருக்கும். வழி சரியில்லையென்றால் ரங்கூன் ஆற்றங்கரையே போதும். பேத்தியும் பக்கத்தில் நிற்கட்டும்.

நோட்டுக் கட்டு இன்னும் மகளிடம்தான் இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது, உங்கப்பா பெயர் என்ன அப்பாயி என்று கேட்கட்டும். கடிதத்தில் எட்டுப் பக்கமும் தேடிப் பார்த்தேன், அவர் பெயரை நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.